ஆத்தங்குடியில் இல்லாத சூளை: பயணக் கையேடு வாங்குவோர் கவனத்துக்கு

காரைக்குடி, கும்பகோணம், கொடைக்கானல் என்று ஊர்வாரியாக ‘உணவும் பயணமும்’ கையேடு விற்கும் சமூக ஊடகப் பக்கங்கள் இப்போது பெருகிவிட்டன. அப்படி ஒரு பக்கத்தில் 499 ரூபாய் கட்டிச் செட்டிநாட்டுக் கையேடு ஒன்றை வாங்கி, அதை நம்பிக் குடும்பத்தோடு போய் அல்லல்பட்டுத் திரும்பியிருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. நேரில் போகாமல் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவியை எழுதவைத்து விற்கும் இந்த வகைச் சரக்கை எப்படி அடையாளம் காண்பது என்று தெரிந்தால் போதும்.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு வாக்குறுதி: ‘ஒவ்வொரு கடையிலும் நாங்களே உட்கார்ந்து சாப்பிட்டு எழுதியது.’ நாங்கள் பணம் கொடுத்தது அந்த ஒரு வரிக்குத்தான். கடைப் பெயர்களும் பஸ் நேரமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த மெஸ்ஸில் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எந்த நேரத்துக்குப் போனால் சூடாகக் கிடைக்கும், யாருக்கு எது ஆகாது என்பதைச் சாப்பிட்டவர்தான் சொல்ல முடியும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், தங்கை மகனுக்கு முந்திரி ஒவ்வாது. ஆகவே அந்தக் கையேட்டில் ‘உடல்நலக் குறிப்புகள்’ என்று தனியாக இருந்த பகுதியைப் பார்த்ததும் வாங்கிவிட்டோம்.

பல்லவன் எக்ஸ்பிரஸில் போய் இரவு காரைக்குடியில் இறங்கினோம். மறுநாள் காலை ஆத்தங்குடி. தரை ஓடு செய்யும் பட்டறையைப் பற்றிக் கையேடு எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: ‘சூளையின் அனல் எங்கள் முகத்தில் அடிக்க, வெந்து சிவந்து வெளியே வரும் ஓடுகளைப் பார்த்து மெய்ம்மறந்து நின்றோம்.’ பட்டறையில் சூளை எங்கே என்று கேட்டேன். வேலை செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “எந்தச் சூளை தம்பி?” என்றார்.

ஆத்தங்குடி ஓட்டைச் சுடுவதே இல்லை. சதுரமாக வெட்டிய கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். உள்ளே பூ வடிவ அச்சை இறக்கி, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை அகப்பை அகப்பையாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு அதன் மேல் மணலும் சிமென்ட்டும் கலந்த பொடியைத் தூவி, கலவையைப் பூசி மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது ஓட்டின் முகம் பளபளக்கிறது. நெருப்புக்கு அங்கே வேலையே கிடையாது. ‘ஓடு’ என்றதும் எழுதிய இயந்திரம் சூளையை மூட்டிவிட்டது. மனிதர் ஒருவர் அந்த வாசலில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் அந்த வாக்கியம் பிறந்திருக்காது.

அதன்பின் கையேட்டின் எந்த வரியையும் நம்ப முடியவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டை அதைப் பார்த்துத்தான் முன்பே சொல்லி வைத்திருந்தோம். கவுனி அரிசியைப் பற்றி, ‘கறுப்பு அரிசி, நார்ச்சத்து மிகுந்தது, சர்க்கரை நோயாளிகள் வயிறார உண்ணலாம்’ என்று உடல்நலக் குறிப்பில் இருந்தது. செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் கவுனி அரிசி என்று இலையில் விழுவது சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்த இனிப்பு. அம்மா ஒரு வாய் வைத்தவுடனே இலையை ஓரமாகத் தள்ளிவிட்டார். “இதை எனக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் யார்?” என்று கேட்டார்.

முந்திரி விஷயம் சிரிப்பில் முடியாது. குறிப்பிட்ட மெஸ்ஸின் பெயரைப் போட்டு, ‘இங்கே குருமாவில் முந்திரி சேர்ப்பதில்லை, தேங்காயும் கசகசாவும் மட்டுமே’ என்று உறுதியாக எழுதியிருந்தார்கள். பரிமாறும் முன் சமையற்கட்டில் கேட்டோம். அங்கிருந்த ஆச்சி, “முந்திரி அரைக்காமல் இந்த அடுப்பில் குருமா இறங்கினதே இல்லை ராசா. யார் சொன்னது?” என்றார். கைப்பேசியில் இருந்த பக்கத்தைக் காட்டினோம். அவர் மகன் வாங்கிப் படித்துவிட்டு, அப்படி யாரும் வந்து எங்களிடம் பேசியதில்லை என்றார். கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். சுவையைப் பற்றி இட்டுக்கட்டினால் நாக்குதான் ஏமாறும். ஒவ்வாமையைப் பற்றி இட்டுக்கட்டுவது உயிரோடு விளையாடுவது.

காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டு முற்றத்தில் காலைப் பலகாரம் கிடைக்கும் என்றும் ஒரு பக்கம் சொன்னது. அந்த வீட்டைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். ஆட்டோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

விடுதிக்குத் திரும்பிய பிறகு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வாழையிலையின் நுனி சாப்பிடுகிறவரின் மார்பைப் பார்த்தபடி கிடந்தது. நம் வீட்டில் எந்தக் குழந்தையும் நுனி இடது கைப்பக்கம் வர இலையைப் போடும். ‘வெள்ளைப் பணியாரம்’ என்ற தலைப்பின் கீழே குழிச்சட்டியில் வார்த்த உருண்டைகள், மேலே வெண்ணிறப் பொடி. உண்மையான வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் ஊற்றிப் பொரிப்பது. தட்டையாக ஓரம் சுருண்டு வரும், காரச் சட்னியோடு தருவார்கள். தரையில் இருந்த ஓடுகளில் ஒரு பூ பக்கத்து ஓட்டுப் பூவோடு சேரவே இல்லை. அவ்வளவு படங்களிலும் விற்றவர்களின் முகம் ஒன்றில்கூட இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினோம். ‘உங்கள் உணர்வுகளை ஆழமாக மதிக்கிறோம், உங்கள் பயணம் எங்களுக்கு ஒரு பாடம்’ என்று பதில் வந்தது. சூளையைப் பற்றியோ முந்திரியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அந்தப் பதிலையும் இயந்திரமே எழுதியிருக்க வேண்டும். மறுபடி கேட்டபோது, ‘உதவிக்கு ஏஐ கருவியைப் பயன்படுத்தினோம், சிறு தவறுகள் இயல்பு’ என்றார்கள். அதற்குப் பிறகு எங்களைத் தடுத்துவிட்டார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. 2023இல் மைக்ரோசாஃப்டின் பயணப் பக்கத்தில் கனடாவின் ஒட்டாவா நகரில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் வந்தது. ஏழைகளுக்கு இலவசமாக உணவு வழங்கும் ஒட்டாவா உணவு வங்கியும் அதில் ஒரு சுற்றுலாத் தலமாக இருந்தது. வெறும் வயிற்றோடு போகச் சொல்லி யோசனை வேறு. கண்டனம் எழுந்ததும் கட்டுரையை நீக்கினார்கள். 2025இல் மலேசியாவில் வயதான தம்பதி ஒருவர் காணொளியில் பார்த்த கேபிள் காரைத் தேடிப் பேராக் மாநிலம் வரை பயணம் செய்தார்கள். அப்படி ஒரு கேபிள் காரே அங்கே இல்லை. காணொளி முழுவதும் ஏஐ தயாரிப்பு, அதில் பேட்டி எடுத்த நிருபர் உட்பட.

ஏஐ கருவியைத் தொட்டாலே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மெஸ்ஸில் எடுத்த காணொளியில் மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்கட்டும், வசன வரிகள் போடட்டும், தாங்கள் எழுதிய தமிழை ஆங்கிலமாக்கட்டும். தலைப்புக்கு நாலு யோசனை கேட்டாலும் தப்பில்லை. ஆனால் விலை, திறக்கும் நேரம், சேர்மானம், சுவை, ‘போனோம், சாப்பிட்டோம்’ என்ற சாட்சியம் ஆகியவற்றைக் கருவியிடம் கேட்டு எழுதக்கூடாது. கருவி அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கோக்கிறது. காரைக்குடி மெஸ் ஒன்றில் இன்று என்ன அரைத்தார்கள் என்பது அதற்குத் தெரிய வழியில்லை, தெரியாது என்று சொல்லும் பழக்கமும் பல நேரங்களில் அதற்கு இல்லை. படம் கருவி வரைந்ததென்றால் படத்தின் மேலேயே அப்படி எழுத வேண்டும். உண்மை போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளை வெளியிடுபவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச்சிலேயே விதி கொண்டுவந்துவிட்டது. விற்பனைக் கையேட்டில் அந்த அளவு நேர்மைகூட இல்லாதது என்ன நியாயம்?

சட்டமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளையோ சேவையையோ பரிந்துரைக்கிறவரின் கருத்து உண்மையானதாகவும் போதிய தகவல் அல்லது அனுபவத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஏமாந்தவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். யுபிஐ ரசீது, கையேட்டுக் கோப்பு, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். விளம்பரத்தை உடனே படம் பிடித்துவிடுவது முக்கியம். நாங்கள் புகார் எழுத உட்கார்ந்தபோது ‘நாங்களே சாப்பிட்டு எழுதியது’ என்ற வரி அவர்கள் பக்கத்திலிருந்து காணாமல் போயிருந்தது. எங்கள் கோப்பில் மட்டும் இருக்கிறது.

வாங்கும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கடையில் நீங்கள் சாப்பிட்ட நாளில் எடுத்த, திருத்தாத படம் ஒன்று அனுப்ப முடியுமா? போய் வந்தவரின் கைப்பேசியில் மங்கலாக, கோணலாக, பாதி கடித்த வடையோடு படம் இல்லாமல் இருக்காது. எங்களுக்கு விற்ற அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் கும்பகோணம் கையேடு விற்கிறார்கள், அட்டையில் அதே எழுத்துரு, அதே மஞ்சள் பட்டை. மாதிரிப் பக்கத்தை இறக்கிப் பார்த்தேன். டிகிரி காபி கைப்பிடி வைத்த பீங்கான் கோப்பையில் நுரை மேல் இலை வரைந்து வந்திருக்கிறது. விலை இந்த முறை 699 ரூபாய்.