கறுப்பு ஃபிலிம் அகற்ற நம்பிச் செல்லத்தக்க காரைக்குடிக் கடை

பழைய காருடன் சேர்ந்து வந்த கறுப்பு ஃபிலிமை, காரைக்குடி செக்காலை சாலையிலுள்ள கார் அலங்காரக் கடையொன்றில் அண்மையில் அகற்றிக்கொண்டேன். சற்று மெல்லிய ஃபிலிமாக மாற்றி ஒட்டலாமா என்று கேட்டபோது, விற்று லாபம் பார்க்காமல் சட்டத்தை எடுத்துச் சொன்ன கடைக்காரரின் நேர்மை பாராட்டத்தக்கது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை ஊடுருவ விட வேண்டும். கண்ணாடியின் மீது எந்த அளவிலான ஃபிலிமும் ஒட்டக் கூடாதென்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த விதித் திருத்தத்தைக் கொண்டு, இந்த அளவுக்குட்பட்ட ஃபிலிமைக் கேரள உயர் நீதிமன்றம் 2024இல் ஏற்றதென்றாலும், நடுச்சாலையில் வண்டியை நிறுத்தும் காவலரிடம் அதைச் சொல்லி வாதாட முடியாது என்றார் அவர். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

வேலையும் சுத்தம். பின்கண்ணாடியின் பனிநீக்கிக் கம்பிகள் பிய்ந்துவிடாதபடி, வெப்பக்காற்றுக் கருவியால் இளக்கி, ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக உரித்தார்கள். ஒரு கதவின் ரப்பர் விளிம்பில் மட்டும் பசை எஞ்சியிருந்தது. மறுநாள் காட்டியதும் கூலி வாங்காமல் துடைத்துக் கொடுத்தார்கள்.