சாலைக் கம்போளம்: பாத்திரத்துக்குச் சரி, கசவுக்கு வேண்டாம்

தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் பத்மநாபசுவாமி கோயிலில் தொழுதுவிட்டு, கிழக்கேகோட்டை வழியாகச் சாலைக் கம்போளத்துக்குள் நுழைவது வழக்கம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய கடைத்தெரு. அகலமும் அந்தக் காலத்து அகலம்தான். லாரிச் சரக்கு இறங்கும் நேரத்தில் பிள்ளைகுட்டியோடு போனால் ஓரம் ஒதுங்கவே நேரம் போய்விடும்.

பாத்திரம் வாங்க நல்ல இடம். உருளி, நிலவிளக்கு எல்லாம் எடைக்கணக்கு. விளக்கைத் திருகிக் கழற்றச் சொல்லி, அடித்தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே எதையாவது அடைத்திருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் காசு. மரை தேய்ந்திருந்தால் தண்டு சாய்ந்து எண்ணெய் வடியும். உருளியைத் தரையில் வைத்துத் தட்டினால் ஒன்றும் தெரியாது. காதைப் பிடித்துத் தூக்கி, விரலை மடக்கிச் சுண்டினால் வெண்கலம் மணிபோல் நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். பித்தளையில் புளிக்கறி வைக்க ஈயம் பூசியாக வேண்டும்.

ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) கண்ணெதிரே வறுக்கும் கடையில் மட்டும். சூட்டோடு பையில் கட்டினால் வேர்த்து நமத்துப்போகும். ஆறும்வரை நின்று வாங்கலாம். முன்பே கட்டித் தொங்கும் பொட்டலத்தைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் சிக்கடித்திருக்கவும் கூடும்.

ஆறன்முளைக் கண்ணாடி, அதாவது உலோகத்தைத் தேய்த்துச் செய்யும் கண்ணாடி, என்று காட்டினால், பேனா முனையை மேலே லேசாக வையுங்கள். முனையும் பிம்பமும் ஒட்டி நின்றால் உலோகம். இடைவெளி தெரிந்தால் சாதாரணக் கண்ணாடி.

கசவு, அதாவது ஜரிகைக் கரை போட்ட கேரளத் துணி, அதுதான் வம்பு. கோயில் பக்கத்தில் அவசரத்துக்கு விற்கும் முண்டு (வேட்டி) கோயிலுக்குள்ளே போய்வர உதவும், கல்யாணத்துக்கு ஆகாது. விசிறி மாதிரி அடுக்கிக் காட்டும் கரையில் பளபளப்புதான் முதலில் கண்ணில் படும். பார்க்க வேண்டியது முந்தியின் ஓரத்து நூல் தும்பை. ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் அசல் ஜரிகையில் முலாமுக்கடியில் வெள்ளி தெரியும், உள்ளே பட்டு நூல் இருக்கும். செம்பு நிறம் தெரிந்தால் போலி, வழுவழுவென்று தோல்போல் உரிந்தால் பிளாஸ்டிக். கைத்தறியா என்றறிய ஓரக்கரையைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: துணியை இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முள் பட்ட ஊசித்துளைகள் வரிசையாக இருக்கும்.

இந்தச் சோதனைக்குச் சாலைக் கம்போளத்தில் பொறுமை காட்டும் கடைக்காரர் குறைவு. பாலராமபுரத்தில் அந்தத் தொல்லை இல்லை. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர் நெசவு. குழித்தறியையே பார்த்துவிட்டு வாங்கலாம். களியக்காவிளை பஸ் திரும்பும் வழியில்தான் ஊர், அங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.