குயருக்கு 24 தாளா, 25 தாளா? நோட்டுக் கட்டுபவர்களுக்கான கணக்கு

பழைய பிரிட்டிஷ் கணக்கில் 24 தாள் ஒரு குயர், 20 குயர் ஒரு ரீம். அதாவது 480 தாள். இன்றைய ஐஎஸ்ஓ கணக்கில் குயருக்கு 25, ரீமுக்கு 500. பேப்பர் கடையில் ரீம் கேட்டால் 500 தாள்தான் கிடைக்கும். அதில் தேர்வு செய்ய ஒன்றுமில்லை. வாங்கி வந்த அந்த 500-ஐ பைண்டிங் மேசையில் எத்தனை எத்தனையாக எண்ணிப் பிரிப்பது என்பதில்தான் இரண்டு வழி. கையால் மடித்துத் தைக்கும் நோட்டுக்கும் பேரேட்டுக்கும் 24-தான் சரி என்பது என் முடிவு.

25-க்கு உள்ள பலத்தை முதலில் சொல்லிவிடலாம். எடைக் கணக்கு 500-இல்தான் சுலபம். தாளின் நீளம், அகலத்தை மீட்டரில் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பெருக்கி, பாதியாக்கினால் ரீம் எடை கிலோவில் வந்துவிடும். 51×76 செ.மீ. டபுள் கிரவுன், 60 ஜிஎஸ்எம் என்றால் 11.6 கிலோ. 58.5×91 டபுள் டெம்மி, 70 ஜிஎஸ்எம் என்றால் 18.6 கிலோ. இந்த எடையை 480 தாளுக்கு உரியது என்று எடுத்துக்கொண்டால் 60 ஜிஎஸ்எம் தாள் கணக்கில் 62.5 ஆகத் தெரியும். விலைப்புள்ளியும் அந்த அளவுக்குத் தவறும். ஐந்தைந்தாக விசிறி எண்ணுபவர்களுக்கும் 25 வசதி. ஆகவே வாங்குவது, விலை போடுவது எல்லாம் 500-இலேயே இருக்கட்டும்.

மேசைக்கு வந்தபின் நிலைமை வேறு. இரண்டு குயர் லாங் சைஸ் நோட்டை எடுத்துக்கொள்வோம். 24 கணக்கில் 48 ஃபுல்ஸ்கேப் தாள். ஒரு மடிப்பு மடித்தால் 96 இலை, 192 பக்கம். ஒரு ரீமில் பத்து நோட்டுக்கு 480 தாள் போக 20 மிஞ்சும். 25 கணக்கில் பத்து நோட்டுக்கு 500 தாளும் சரியாகத் தீர்ந்துவிடும். காகிதத்தில் பார்த்தால் இது அழகாகத்தான் இருக்கிறது. வேலையில் இறங்கினால் இதுதான் குறை.

ஏனென்றால் எந்த ரீமிலும் 500 தாளும் நோட்டுக்குள் போகாது. உறையை ஒட்டியிருக்கும் மேல்தாளும் அடித்தாளும் முனை மடங்கியோ ஈரம் பட்டோ இருக்கும். ரூலிங் போடும்போது கோடு நிதானத்துக்கு வரும்வரை சில தாள்கள் போகும். மடிப்பில் சரிந்தவை சில, இரண்டாக ஒட்டிப் போய் எண்ணிக்கையில் தவறியவை சில. 25 கணக்கில் ஒரு தாள் கெட்டாலும் பத்தாவது நோட்டு குறையும். அதை நிரப்ப அடுத்த ரீமைப் பிரிக்க வேண்டும். அந்த ரீம் வேறு லாட்டாக இருந்தால் வெண்மையில் சிறு வித்தியாசம் இருக்கும். திறந்து பார்த்தால் தெரியாது; வெட்டி முடித்ததும் நோட்டின் வாய்ப்பக்கத்தில், அதாவது முதுகுக்கு எதிர் ஓரத்தில், மெல்லிய பட்டையாகத் தெரியும். 24 கணக்கில் மிஞ்சும் 20 தாள், அதாவது நாலு சதவீதம் சொச்சம், இந்தச் சேதத்தை அதே ரீமுக்குள்ளேயே தாங்கிக்கொள்கிறது.

அந்தக் காலத்து ஆட்களும் இதை உணர்ந்தே கணக்கு வகுத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அச்சகங்களின் ‘பிரிண்டர்ஸ் ரீம்’ 516 தாள், அதாவது இருபத்தொன்றரை குயர். 500 பிரதி அடிக்க 16 தாள் சேதத்துக்கு. ‘மில் ரீம்’ 472 தாள்: நடுவில் 24 தாளாகப் பதினெட்டு குயர், அடிபடக்கூடிய வெளிப்பக்கத் தாள்கள் 20 தாளாக இரண்டு குயர்.

அடுத்தது செக்‌ஷன் பிரிப்பு, அதாவது ஒன்றாக மடித்துத் தைக்கும் சிறு கட்டுகளாகப் பிரிப்பது. 48 தாளை எட்டெட்டாக ஆறு செக்‌ஷனாகப் பிரிக்கலாம்; தைக்க இதுவே நல்ல அளவு. 50 தாளைச் சமமாகப் பிரிக்க வேண்டுமென்றால் பத்துத் தாளில் ஐந்து, அல்லது ஐந்து தாளில் பத்து. பத்துத் தாளை ஒன்றாக மடித்தால், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில், நடுத்தாள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வெளியே துருத்தும். கட்டிங்கில் அதைச் சமன் செய்யும்போது உள்பக்கங்களின் ஓரம் அந்த அளவுக்குக் குறையும். வெற்று நோட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்தி கோடு போட்ட பேரேட்டில் கடைசிப் பத்தி ஒவ்வொரு செக்‌ஷனின் நடுவிலும் ஒடுங்கித் தெரியும். ஐந்து தாளில் பத்து செக்‌ஷன் தைத்தால் துருத்தாது. ஆனால் பத்து வரிசை நூல் முதுகில் சேர்ந்து முதுகு உப்பி, அட்டை படியாமல் நிற்கும்.

ஒற்றைக் குயரை நடுவில் பின் அடிக்கும் நோட்டென்றால் 24-க்கும் 25-க்கும் பெரிய வித்தியாசமில்லை. பர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகை வெட்டி ஒட்டுவதால் செக்‌ஷன் வாதம் அவ்வளவாக எடுபடாது. பல வண்ண ஆஃப்செட் வேலைக்கு இந்த நாலு சதவீதத்தை நம்பி இறங்கவும் தயங்குவேன்.

24-ஐ எடுத்துக்கொள்பவர்கள் ஆர்டர் சீட்டில் ‘2 குயர்’ என்று மட்டும் எழுதாமல் ‘48 தாள், 192 பக்கம்’ என்றும் சேர்த்து எழுதிவிட வேண்டும். ரீமைப் பிரித்த உடனே முனை மடங்கிய தாள்களை எடுத்து, மிச்சத்தோடு சேர்த்து 20 தாளைத் தனியே வைத்து, அந்த ரீம் தைத்து முடியும்வரை வேறு எதற்கும் தொடாமல் இருந்தால் போதும்.