47,200 ரூபாய் வாங்கிக்கொண்டு பொய் ரிப்போர்ட் கொடுத்தார்கள்: பெங்களூரில் சாம்பிள் டெஸ்டுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் பிஎச்டி, எம்ஃபார்ம் படிக்கும் நம் ஆட்கள் யாராவது வெளியே சாம்பிள் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆத்திரத்தில் கை நடுங்கிக்கொண்டிருக்கிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பணம் 47,200 ரூபாய். கட்டணம் 40,000, அதன் மேல் ஜிஎஸ்டி என்று 7,200. என் ஃபெல்லோஷிப் மாதக்கணக்கில் நிலுவையில் கிடப்பதால், ஓசூரில் அம்மா சீட்டைத் தள்ளி எடுத்து அனுப்பிய பணம் அது.

புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயரைப் போடவில்லை. மாணவர்களிடம் சாம்பிளை வாங்கி, தங்களுக்குத் தெரிந்த லேப்களில் கொடுத்து டெஸ்ட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகு நிறுவனம். மாடியில் ஒரு அறை, மேசை, ஃபிரிட்ஜ், சுவர் முழுக்க பெரிய பெரிய இயந்திரங்களின் படங்கள். இயந்திரம் எதுவும் அங்கே இல்லை.

என் வேலை, புண்ணின் மேல் வைக்கும் நானோ இழையில் மருந்தை வைத்து, அதை மெதுவாக வெளிவரச் செய்வது. பாலிமர் கரைசலை சிரிஞ்சில் எடுத்து, ஊசி முனைக்குப் பத்து இருபது கிலோவோல்ட் கொடுத்தால், சொட்டாக விழ வேண்டியது இழையாக நீண்டு எதிரே இருக்கும் அலுமினியத் தாளில் படியும். ஒவ்வொரு இழையும் தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல் மெல்லியது. எலக்ட்ரோஸ்பின்னிங் என்பது இதுதான். 2002இல் டெட்ராசைக்ளினை இப்படி இழைக்குள் வைத்து வெளிவிட்டுக் காட்டினார்கள். அதற்கப்புறம் எத்தனையோ மருந்துகளில் செய்துவிட்டார்கள். ஆனால் பழைய தொல்லை ஒன்று விடுவதாயில்லை. மருந்து இழையின் மேல்பரப்புக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டால், ஈரம் பட்ட முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி கொட்டிவிடும். பர்ஸ்ட் ரிலீஸ் என்போம். அதன் பிறகு புண்ணுக்குக் கிடைப்பது கிருமியைக் கொல்லப் போதாத அளவு. ஆன்டிபயாடிக் விஷயத்தில் அது சும்மா வீணாவதோடு நிற்காது, கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடும்.

அதைத் தடுக்கத்தான் ஊசிக்குள் ஊசி வைத்து, உள்ளே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பிவிஏ (நீரில் கரையும் பாலிமர்), வெளியே உறையாகப் பாலிகேப்ரோலாக்டோன் (நீரில் கரையாத பாலிமர்) என்று இரட்டை அடுக்கு இழை செய்கிறேன். உள் ஊசி அடைத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் ஏறினால் இழை கெட்டுவிடும். பெங்களூர் மழையில் ஒரு நல்ல இழைத் தாள் எடுக்க என்ன பாடு என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அப்படி எடுத்த தாளைத்தான் கொடுத்தேன். உறையில்லாத சாதா இழை ஒன்று, இரட்டை அடுக்கு ஒன்று. இரண்டுக்கும் செம் (மேல்பரப்பைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம், இரட்டை அடுக்குக்கு டெம் (ஊடுருவி உள்ளமைப்பைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம், அப்புறம் இரண்டுக்கும் 14 நாள் மருந்து வெளியீட்டுச் சோதனை. அதாவது இழையை பஃபர் என்ற கரைசலில் ஊறவைத்து, அவ்வப்போது அதில் கொஞ்சம் எடுத்து, எவ்வளவு மருந்து வெளிவந்திருக்கிறது என்று அளப்பது. இதற்குத்தான் 47,200.

எதனால் நம்பினேன் என்று சொல்லியாக வேண்டும். அங்கே இருந்தவர் தமிழர். "ஓசூரா? நமக்கு தருமபுரி பக்கம்மா" என்றார். அதற்காக நான் பணத்தைக் கொடுக்கவில்லை. சாம்பிள் விவரத்தைப் படித்துவிட்டு, "இரட்டை அடுக்கா? அப்ப செம் மட்டும் எடுத்தா போதாதும்மா, அது வெளியத்தான் காட்டும். உள்ள உறை விழுந்திருக்கான்னு டெம்லதான் தெரியும்" என்றார். மிகச் சரியான பேச்சு. "பஃபர் எடுக்கும்போது எடுத்த அளவுக்குப் புதுசு ஊத்துவோம், 37 டிகிரி, மூணு மூணு செட் போடுவோம்" என்றார். வேலை தெரிந்த மனிதர் என்று யாருக்கும் தோன்றும். சாம்பிளை இரண்டு கையாலும் வாங்கி, ஃபாயிலைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தார். அங்கேயே ஜிபேயில் போட்டேன்.

ரிப்போர்ட் வந்தது. முதலில் கண்ணில் பட்டது தேதி. சாம்பிள் வாங்கியதாக அவர்களே எழுதிக் கொடுத்த தேதிக்கும் ரிப்போர்ட் தேதிக்கும் நடுவே 14 நாளே இல்லை. அப்படியிருக்க 14 நாள் சோதனையின் கடைசிப் புள்ளி வரை அழகாகக் கோடு போட்டிருக்கிறார்கள்! அப்புறம் செம் படங்கள். முதல் சாம்பிளின் படத்தில் இடது ஓரத்தில் ஒரு இழை அறுந்து, பக்கத்தில் குண்டாக ஒரு முடிச்சு இருந்தது. இரண்டாவது சாம்பிளின் படத்தைத் திருப்பிப் பார்த்தால் அதே அறுந்த இழை, அதே முடிச்சு. ஒரே படத்தைத் தலைகீழாக்கி இரண்டு சாம்பிள் என்று கொடுத்திருக்கிறார்கள். படத்தின் அடியில் உருப்பெருக்கம், மின்னழுத்தம், அளவுகோல் எல்லாம் இருக்க வேண்டிய பட்டையை வெட்டிவிட்டார்கள். டெம் படமே இல்லை. வெளியீட்டுக் கோட்டில் எல்லாப் புள்ளியிலும் பிழைப்பட்டை (மூன்று செட்டின் அளவுகள் எவ்வளவு வேறுபட்டன என்று காட்டும் சின்னக் கோடு) ஒரே அளவு. மூன்று செட் போட்டு நிஜமாக அளந்தால் அப்படி வரவே வராது.

போன் செய்தேன். "ஆபரேட்டர் லீவு மேடம், திங்கட்கிழமை பேசறேன்." அதுவரை "அம்மா"வாக இருந்தவள் அன்றைக்கு மேடம் ஆகிவிட்டேன். திங்கட்கிழமை போன் எடுக்கவில்லை. அடுத்து ரா டேட்டா, அதாவது இயந்திரம் அளந்த மூல எண்களைக் கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணமாம். 47,200 வாங்கியது எதற்கு? பிறகு வேறொரு பெண் பேசினார், "உங்க கைடைப் பேசச் சொல்லுங்க, ஸ்டூடண்ட்கிட்ட நாங்க டெக்னிக்கலா பேசறதில்ல" என்று. கைடு மெயில் போட்டார், பதில் இல்லை. நேரில் போனேன். அதே தருமபுரிக்காரர் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "உங்க சாம்பிள்ல மருந்தே இல்ல மேடம், ஏதோ உங்களுக்காக அட்ஜஸ்ட் பண்ணிக் குடுத்தோம்." மருந்தே இல்லை என்றால் அந்தக் கோட்டை எதை அளந்து போட்டார்கள்? மீதி சாம்பிளையாவது கொடுங்கள் என்றேன். டிஸ்போஸ் செய்துவிட்டார்களாம். பில் கேட்டதற்கு ஒரு தாளை நீட்டினார், அதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. அப்படியானால் அந்த 7,200 யாருக்குப் போனது? அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார்கள்.

எனக்குப் பணம் மட்டும் போகவில்லை. அந்தக் கோட்டை நம்பியிருந்தால் அடுத்து எலிகளில் சோதனை. இல்லாத முடிவை வைத்து உயிருள்ள விலங்கின் புண்ணில் மருந்து வைத்திருப்பேன், தீசிஸில் அச்சடித்திருப்பேன், இன்னொருவர் அதைப் படித்து வேலை செய்திருப்பார். மருந்து விஷயத்தில் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறது?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். பணத்தைத் தனி ஆள் நம்பருக்கு அனுப்பாதீர்கள். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், கர்நாடகா என்றால் 29இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். செம், டெம் என்றால் பட்டை வெட்டாத மூலப் படக் கோப்பைத் தருவோம் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். சாம்பிளில் பாதியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரையைக் காட்டினால், அந்தக் குறிப்பிட்ட டெஸ்ட் அவர்கள் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரம் இல்லை என்றால் ஐ-ஸ்டெம் என்ற மத்திய அரசு இணையதளத்தில் அரசு நிறுவனங்களின் இயந்திரங்களை நேரடியாகப் பதிவு செய்யலாம். வரிசை நீளம், ஆனால் படம் உங்களுடைய படமாக இருக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன். பெங்களூரில் இதே மாதிரி மாடி அறை இடைத்தரகரிடம் செம் படம் வாங்கியவர்கள், உங்கள் ரிப்போர்ட்டை இன்றைக்கே எடுத்து, படங்களைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் அறுந்த இழையும் பக்கத்தில் குண்டு முடிச்சும் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.