செகண்ட் ஹேண்ட் காரோடு வந்த கனெக்டட் ஆப்: ஆறு மாத அனுபவம்

தை மாதம் 2022 மாடல் எஸ்யூவி ஒன்று வாங்கினோம். வண்டியில் ஒரு குறையும் இல்லை, நான் எழுதுவது அதோடு வந்த ஆப்பைப் பற்றி மட்டும். கோயம்புத்தூர் வெயிலில் நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் போனிலிருந்தே ஏசி போடலாம், டயர் காற்று தெரியும். இதெல்லாம் நிஜமாகவே உபயோகம்தான்.

ஆனால் ஆப்பை என் பெயருக்கு மாற்றப் போனால், வண்டி ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருப்பதாக வந்தது. ஆர்சியில் பெயர் மாறி அப்போதே ஐந்து வாரம் ஆகிவிட்டது. விற்றவருக்குப் போன் செய்தேன், நல்ல மனிதர், தன் ஆப்பைத் திறந்து பார்த்து அவரே பதறிப்போய் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். எங்கள் வீட்டு வாசல், மகளின் டியூஷன் தெரு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5.40-க்கு ஆஸ்பத்திரி முன்னால் 50 நிமிடம் நின்றது, எல்லாம் நீலக் கோடாக ஓடுகிறது. என் மனைவிக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. வண்டித் திரையில் ரீசெட் செய்து பார்த்தேன், பிரயோஜனம் இல்லை, கணக்கு இருப்பது கம்பெனி சர்வரில். கஸ்டமர் கேரில் ஆர்சி நகலை மூன்று தடவை வாங்கிக்கொண்டு 11 நாள் கழித்துத்தான் மாற்றினார்கள்.

பயண விவரங்களைப் பெயர் இல்லாமல்தான் சேமிக்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னது எனக்குச் சமாதானமாக இல்லை. ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது, பகலில் எங்கே நிற்கிறது, இந்த இரண்டு இடம் தெரிந்தால் ஆள் யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் தரவு பாதுகாப்பில்லாமல் இணையத்தில் கிடந்தது வெளியே வந்தது, அதில் ஏறக்குறைய 4.6 லட்சம் வண்டிகள் நின்ற இடம் துல்லியமாக இருந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இருப்பிடத்தைச் சில சமயம் 3 விநாடிக்கு ஒருமுறைகூட எடுத்திருக்கிறது என்று அங்குள்ள எஃப்டிசி என்ற நுகர்வோர் பாதுகாப்பு அரசு அமைப்பு 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது.

பழைய கார் வாங்குகிறவர்கள் முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன்னால், விற்பவரை உங்கள் கண்ணெதிரே ஆப்பிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் போனில் பதிவு ஆகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

வண்டிக்கு 5-க்கு 4, ஆப்புக்கு 2. டிரிப் ஹிஸ்டரியை அணைத்துவிட்டேன். பழைய பயணங்களை அழிக்கத்தான் ஆப்பில் வழியே இல்லை, கேட்டு மெயில் போட்டு மூன்று வாரம் ஆகிறது.