கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடு: ஆய்வுகூட மீன்தொட்டியோடு இரண்டு வருஷம்

சாவகச்சேரிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற நண்பி போன கிழமை கேட்டாள்: "எங்கட ஆய்வுகூடத்திலயும் ஒரு மீன்தொட்டி வைப்பமோ? உன்ர அனுபவம் எப்பிடி?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. தொட்டியின் மூலை கசிந்து, புதுச் சிலிக்கன் பூசிக் காயவிட்டிருந்தேன், மீன்களெல்லாம் வாளிக்குள். என்றாலும் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

3 அடி நீளத் தொட்டி, 100 லீற்றர் அளவு தண்ணீர். சீமெந்து மேசை தாங்குகிறது. ஸ்பொஞ்ச் ஃபில்டர், காற்று மோட்டர், கொஞ்சம் ஐதரில்லா நீர்ச்செடி. பள்ளிக்கூடம் விட்டதும் மெயின் சுவிட்சை நிற்பாட்டிவிடுவார்கள் என்பதால் அலுவலகத்திலிருந்து தனி வயர் இழுத்தோம். அந்தப் பிரச்சினை அதோடு முடிந்தது. இன்றுவரை முடியாதது தண்ணீர்ப் பிரச்சினைதான்.

எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிற வலிகாமத்தில் நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம் காபனேற்று தொட்டிக் கண்ணாடியிலும் படிகிறது. சோளகக் காற்று தொடங்கினால் யன்னல்களைத் திறந்துதான் வைக்க வேண்டும். கிழமைக்கு இரண்டு விரல் ஆழம் ஆவியாகிவிடும். தண்ணீர் போகும், சுண்ணாம்பு தங்கிவிடும். அதற்கு மேல் மறுபடி கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு இன்னும் கூடும். நீர்மட்டம் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே இன்னொன்று. துணியால் துடைத்தால் அசையாது. ஐதரில்லா இலையை விரலால் தடவினால்கூட மேற்பக்கம் சொரசொரவென்று இருக்கும். ஒளித்தொகுப்புக்காக இருகாபனேற்றை உறிஞ்சுகிறபோது இலையிலேயே சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அதை நுணுக்குக்காட்டியில் காட்டியிருக்கிறேன். அழகான பாடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "தொட்டியைக் கழுவுறேல்லையோ?"

வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ பூசினால் நுரைத்துக்கொண்டு கரையும். ஆனால் அமிலம் தண்ணீருக்குள் விழாமல் முதலில் நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை பிளேட்டால் சுரண்டினேன். மூலைச் சிலிக்கனில் பிளேட் இறங்கியது தெரியவில்லை. திங்கள் காலை கதவைத் திறந்தால் நிலத்தில் 20 லீற்றர் மட்டில் தண்ணீர், கீழ்த்தட்டில் வைத்திருந்த செய்முறைக் கொப்பிகள் ஊறிப்போய்க் கிடந்தன. பிள்ளைகள் ஒரு தவணை முழுக்க வரைந்த படங்கள். அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. பழைய சிலிக்கன் மேல் புதியது ஒட்டாது என்பதால் உட்பக்கம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுப் பூசி, மூன்று நாள் காயவிட்டேன்.

மழைத்தண்ணீர் நல்ல வழி. ஆவியானதை ஈடுசெய்ய அதை ஊற்றினால் சுண்ணாம்பு கூடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை கூரைத் தண்ணீரைப் பரலில் பிடிக்கிறோம். ஆனால் பங்குனியோடு தீர்ந்துவிடும். சோளகத்துக்கு ஒரு வாளிகூட மிஞ்சாது.

சரி, மீன்கள். முதலில் ஆசைப்பட்டு நியோன் டெட்ரா விட்டேன். சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் வாழ்கிற அமேசன் பக்கத்து மீன், ஒன்றும் தங்கவில்லை. மொலியும் கப்பியும் இந்த வன்னீரில்தான் செழிக்கின்றன. மாதத்துக்கு ஒருதரம் குஞ்சு. கசிவுக்காக வாளியில் விட்டிருந்தபோதும் கறுப்பு மொலி ஒன்று குஞ்சு போட்டுவிட்டது. ஐதரில்லாவுக்குள் ஒளிந்திருந்த 14 குஞ்சுகளை எண்ணினோம்.

இந்தத் தொட்டி தந்த பெரிய விஷயம் மீன் போட முதலே நடந்தது. நைதரசன் வட்டம் படிப்பிக்கத்தான் தொட்டியே வைத்தேன். கழிவிலிருந்து அமோனியா வரும், பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், பிறகு நைத்திரேற்றாக்கும். அதை ஐந்து ஆறு கிழமை சோதனைத் தாளால் பார்ப்பது திட்டம். முதல் நாள், வெறும் கிணற்றுத் தண்ணீர். அமோனியாக் கட்டம் நிறம் மாறவில்லை. நைத்திரேற்றுக் கட்டம் கடும் இளஞ்சிவப்பு. மட்டையோடு ஒப்பிட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குக் கிட்ட. "ரீச்சர், இன்னும் மீனே விடேல்லையே?" என்று ஒரு பொடியன் கேட்டான். வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்வாங்கிலிருந்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "எங்கட வெங்காயத் தோட்டத்துக்கு யூரியா போடுறது, ரீச்சர்." மலசலகூடக் குழியும் அதற்குள் சேர்த்தி என்று நான் சொன்னேன்.

குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்குத்தான் அது அதிகம் ஆபத்து: இரத்தம் ஒட்சிசனைக் காவுவதைக் குறைக்கும். கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். வீட்டில் தம்பி, தங்கைக்குப் பால்மா கரைக்கிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அடுத்த நாள் போத்தல்களில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரே ஒழுங்கைக்குள்ளேயே ஒரு கிணறு வெளிர், அடுத்தது கடும் சிவப்பு. பாதித் தண்ணீரை மாற்றினால் நைத்திரேற்று குறையும் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் தொட்டியில் தண்ணீர் மாற்றினால் குறைவதே இல்லை.

இவ்வளவும் தந்த தொட்டியை வைக்கச் சொல்வேனா? இந்தச் சோளகத்தில் கேட்டால், வேண்டாம். அந்தக் காசுக்குச் சோதனைத் தாள் வாங்கி, பிள்ளைகளின் வீட்டுக் கிணறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வேன். உங்கள் பக்கத்துத் தென்மராட்சித் தண்ணீர் எங்களுடையதைப் போல இருக்காமலும் விடலாம். உன் பள்ளிக்கூடக் கிணற்றில் முதலில் ஒரு தாளைத் தோய்த்துப் பார். என்னிடம் அரைப் பெட்டி மிச்சம் இருக்கிறது, வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.