குடல் அறுவைக்குப் பின் மின்தூண்டல்: டென்ஸ், மின் அக்குபஞ்சர் ஓர் ஒப்பீடு

குடல் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை இரண்டு தொல்லைகள் ஒருங்கே வாட்டுகின்றன: தையலிட்ட வயிற்றின் வலியும், வாயுகூடப் பிரியாத வயிற்று உப்புசமும். வலிக்குத் தரப்படும் மார்ஃபின் வகை மருந்துகள் குடலின் அசைவை மேலும் மந்தமாக்குவதால், ஒன்றைத் தணிக்கப்போய் மற்றொன்று வளர்கிறது. மின்தூண்டல் முறைகளின் மீது எனக்கு அக்கறை பிறந்தது இந்தச் சிக்கலால்தான்.

டென்ஸ் (TENS) கருவி, தையலின் இருபுறமும் ஒட்டப்படும் பட்டைகளின் வழியே தோலுக்கு மின்துடிப்புகளை அனுப்புகிறது. தொடுவுணர்வை ஏந்தும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, வலிச்செய்தி தண்டுவடத்திலேயே தணிக்கப்படுகிறது என்பது, மெல்சாக், வால் (Melzack, Wall) என்ற ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த வாயில் கட்டுப்பாட்டுக் கொள்கை (gate control) தரும் விளக்கம். பல்வேறு அறுவைகளை உள்ளடக்கிய 21 ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான அலசலில், டென்ஸ் பெற்றவர்களின் வலிமருந்துத் தேவை சராசரியாக 26.5 சதவீதம் குறைந்திருந்தது. இதைவிட முக்கியமான செய்தி அதன் உட்பிரிவில் இருக்கிறது: வலிக்காத அளவுக்கு, ஆனால் அழுத்தமாக உணரும்படி, தக்க அதிர்வெண்ணில் மின்சாரம் தரப்பட்டபோது குறைவு 35.5 சதவீதம், அவ்வாறு தரப்படாதபோது வெறும் 4.1 சதவீதம். லேசான கூச்சத்தோடு நிறுத்திவிட்டுக் கருவியைக் குறைசொல்வது நியாயமில்லை.

உடலில் குத்திய ஊசிகளின் வழியே மின்சாரம் செலுத்தும் மின் அக்குபஞ்சரின் வலிமை வேறிடத்தில் உள்ளது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை) வழியே பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 165 பேரிடம் ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், ஊசிகளில் மின்சாரம் பெற்றவர்கள் சராசரியாக 85.9 மணி நேரத்தில் முதல்முறை மலம் கழித்தனர். சிகிச்சை பெறாதவர்களுக்கு 122.1 மணி நேரமும், போலி அக்குபஞ்சர் பெற்றவர்களுக்கு 107.5 மணி நேரமும் ஆயின. போலிச் சிகிச்சையையும் மிஞ்சியதால், இதை வெறும் நம்பிக்கையின் விளைவென்று என்னால் ஒதுக்க இயலவில்லை. வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் இதற்குத் தேர்ந்த கைகளும் தூய ஊசிகளும் வேண்டும். டென்ஸைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தால் நோயாளியே இயக்கிக்கொள்ளலாம்.

ஆகவே, இருமும்போதும் எழுந்து நடக்கும்போதும் வலி தடுத்தால் டென்ஸையும், குடல் அசையாமையே முதன்மைக் கவலையானால், பயிற்சி பெற்றவர் கிடைக்குமிடத்தில் மின் அக்குபஞ்சரையும் நான் தேர்வேன். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது. வயிறு மேன்மேலும் உப்பி, வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்தால், தையல் கசிவோ அடைப்போ இருக்கக்கூடும். அப்போது மின்தூண்டலை நம்பிக் காத்திராமல் உடனே அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும்.